மழை விட்டதும் வரும் நெஞ்செரிச்சல்

கேள்வி: எனக்கு வயது 46. மழைக்காலம் முழுவதும் நலமாக இருக்கிறேன். மழை ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கியதும், மூன்று ஆண்டுகளாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் வருகின்றன. உணவில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பருவம் மாறிய அன்றே உணவையும் மாற்றிவிட வேண்டுமா?

மருத்துவர் பதில்: புதிதாக எதையும் சேர்க்கவில்லை என்கிறீர்கள், முந்தைய பருவத்து உணவை நிறுத்தாமல் தொடர்வதே காரணமாக இருக்கக்கூடும். ஆண்டை ஆறு ருதுக்களாக, அதாவது பருவங்களாகப் பிரிக்கும் ஆயுர்வேதம், உடலை இயக்கும் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்று தோஷங்களில் ஒவ்வொன்றும் ஒரு ருதுவில் சேர்ந்து, அடுத்ததில் சீற்றமடைந்து, அதற்கடுத்ததில் தணியும் என்கிறது. வர்ஷ ருதுவாகிய மழைக்காலத்தில் செரிமானத் தீ மந்தப்பட்டு வாதம் ஓங்குவதால், அப்போது புளிப்பும் உப்பும் நெய்ப்பும் கொண்ட சூடான உணவு ஏற்றதாகிறது. ஆனால், அதே மாதங்களில் பித்தமும் மெல்லச் சேர்ந்துகொண்டிருக்கிறது; குளிர்ச்சிக்குப் பழகிய உடலில் மழைக்காலத்தை அடுத்து வரும் சரத் ருதுவின் வெயில் படும்போது அது பொங்கி எழுகிறது. மழையில் உங்களைக் காத்த அதே புளிப்பும் உப்பும் இப்போது அந்தப் பித்தத்தை வளர்க்கின்றன.

ஆகவே, கசப்பு, இனிப்பு, துவர்ப்புச் சுவைகள் மிகுந்த எளிய உணவுக்கு மாறுங்கள். பச்சைப் பயறு, நெல்லிக்காய், புடலங்காய், அளவான நெய் ஆகியவை உகந்தவை. தயிர், எண்ணெய்ப் பண்டங்கள், மது, பகல் தூக்கம், உச்சி வெயில் ஆகியவற்றை விலக்குங்கள். வயிறு முட்ட உண்பதையும் இந்த ருதுவுக்கு ஆகாதது என்றே அஷ்டாங்க ஹ்ருதயம் என்னும் பழைய ஆயுர்வேத நூல் சொல்கிறது. என் அனுபவத்தில் நோயாளிகள் மிகவும் அலட்சியப்படுத்துவது இதைத்தான்.

ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முடியும் ருதுவின் கடைசி 7 நாட்களும் தொடங்கும் ருதுவின் முதல் 7 நாட்களும் ருது சந்தி எனப்படும். பழகியதைத் திடீரென விட்டாலும் நோய் வரும் என்பதால், அந்த 14 நாட்களில் பழைய உணவை நான்கில் ஒரு பங்கு வீதமோ, அதனினும் சிறிய பங்கு வீதமோ படிப்படியாகக் குறைத்து, புதியதை அதே அளவில் கூட்ட வேண்டும். நாட்காட்டியைவிட, வானம் தெளிந்து வெயில் உறைப்பதையும் உங்கள் பசியையும் கவனித்து இதைத் தொடங்குவது நல்லது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்பவராயின், அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். விழுங்குவதில் சிரமம், கறுத்த மலம், காரணமற்ற எடைக் குறைவு இருந்தால் உணவு மாற்றத்தின் பலனுக்காகக் காத்திராமல் மருத்துவரை நேரில் பாருங்கள். தோளுக்கோ தாடைக்கோ பரவும் மார்பு வலி என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே உடனே செல்லுங்கள்.