கோப்பு யாருடையது? – வாசகர் கேள்விகளுக்கு ஒரு முன்னாள் நலப்பணியாளரின் பதில்கள்

இந்த முறை கேள்வி கேட்டவர்களின் பெயரும் ஊரும் இருக்காது. ஆசிரியருக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். பெயரை அச்சில் பார்ப்பதற்காகவே எழுதுகிறவர்கள் உண்டு என்றார். ஆனால் வந்திருக்கும் கடிதங்களில் நோயின் பெயர் இருக்கிறது, அடித்தவர் யார் என்பது இருக்கிறது, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்பது கூட இருக்கிறது. இத்தனையையும் பெயரோடு போட்டுவிட்டு, தகவலைக் காப்பது எப்படி என்று கீழே நான் பதில் எழுதினால் நன்றாகவா இருக்கும்? ஆள் அடையாளம் தெரியும்படி இருந்த ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் 31 ஆண்டுகள் நலத்துறையில் வேலை பார்த்தவள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், வீட்டிலேயே அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் என்று பலரின் வீட்டுக்கும் போய் வந்தேன். கடைசி ஆறு ஆண்டுகள் கோப்பு அறைப் பொறுப்பு. பதில்களில் சட்டத்தைவிட அந்த அறையின் தூசிதான் அதிகம் இருக்கும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. மறதி தொடங்கியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் நலத்துறைப் பணியாளர் வீட்டுக்கு வருகிறார். அம்மாவைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டால், உங்களிடம் சொல்ல முடியாது என்கிறார்கள். பெற்ற மகளிடமே மறைப்பது என்ன நியாயம், அம்மா?

பதில்: கோபம் புரிகிறது, சகோதரி. ஆனாலும் அவர்கள் செய்தது சரி. சொன்ன விதம் வேண்டுமானால் தவறாக இருந்திருக்கும். எங்கள் ஆட்களுக்கு இதமாக மறுக்கத் தெரியாது.

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். அம்மாவுக்கு என்ன மருந்து, எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள வருகிற மகளும், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது, உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்று தெரிந்துகொள்ள வருகிற மகனும் ஒரே மாதிரிதான் கண் கலங்கி நிற்பார்கள். முகத்தைப் பார்த்துப் பிரித்தறிய எனக்கு 31 ஆண்டுகளிலும் வரவில்லை.

இதில் முதலில் கேட்க வேண்டிய ஆள் உங்கள் அம்மா. மறதி வந்துவிட்டதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று ஆகிவிடாது. இங்கிலாந்து, வேல்ஸுக்கான 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிடுகிறது: திறன் இல்லை என்று நிறுவப்படும் வரை, இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். அதுவும் ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வீட்டை விற்கும் விவகாரம் புரியாதவருக்கு, தன் உடம்பைப் பற்றி யாரிடம் பேசலாம் என்பது நன்றாகவே புரியலாம். இன்று என்ன கிழமை என்று சொல்லத் தெரியாத ஒரு பெரியவரிடம், ‘உங்கள் உடல்நிலையைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?’ என்று கேட்டேன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. ‘சின்னவனிடம் சொல்லுங்கள். பெரியவனிடம் வேண்டாம்’ என்றார். காரணம் நான் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தானாகவே தெரிந்தது.

எனவே பணியாளர் வருகிற நாளில், அம்மா தெளிவாக இருக்கும் நேரமாகப் பார்த்து, மூவரும் உட்காருங்கள். பலருக்குக் காலை வேளைதான் தெளிவு. எதை உங்களிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அம்மாவே சொல்லட்டும். அனுமதி என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்றில்லை. மருந்தும் வருகை நேரமும் சரி, பணக் கணக்கு வேண்டாம் என்று பிரித்தும் எழுதலாம். பின்னாளில் அவருக்காக யார் முடிவெடுப்பது என்பதற்கான சட்ட ஏற்பாட்டையும், அவருக்கு நினைவு இருக்கும்போதே செய்து வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டு நீதிமன்றத்துக்கு அலைந்த குடும்பங்கள் நிறைய.

இன்னொன்று, பலருக்குத் தெரிவதில்லை. அவர்கள் உங்களிடம் சொல்லத்தான் தடை. நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளத் தடை எதுவும் இல்லை. ‘இரவில் எழுந்து வாசல்வரை போய்விடுகிறார்’ என்று நீங்கள் சொன்னால் அவர்கள் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரு மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளையும், சட்டப்படி பாதுகாவலர் உள்ள மாற்றுத்திறனாளிகளையும் ஒரே பிரிவில் வைத்து, பெற்றோரோ பாதுகாவலரோ ஒப்புதல் தர வேண்டும் என்கிறது. நாற்பது வயது மனிதரைக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது எனக்கு ஒப்பவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதி உண்டு என்று ஐ.நா. உடன்படிக்கை 2006லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: எனக்கு 38 வயது. மனநலச் சிகிச்சையில் இருக்கிறேன். என்னைக் கவனிக்கும் பணியாளரிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன், யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன். அப்படி வாக்குக் கொடுக்க முடியாது என்றுவிட்டார். நானும் சொல்லவில்லை. பிறகு எதற்கு இவர்கள்?

பதில்: அவர் நேர்மையானவர், தம்பி. வாக்குக் கொடுத்துவிட்டு மீறியவள் நான்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. நடக்க முடியாத ஒரு பெண், தன் அண்ணன் அடிப்பதாகச் சொன்னார். வெளியே சொல்லாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்ல மாட்டேன் என்றேன். மூன்று வாரம் கழித்துப் போனபோது அந்தக் கையில் மாவுக்கட்டு. அன்றைக்கே மேலதிகாரியிடம் சொன்னேன். நடவடிக்கை எடுத்தார்கள், அந்தப் பெண் பத்திரமான இடத்துக்குப் போனார். ஆனால் என்னிடம் அவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை. ‘காப்பாற்றினீர்கள், சரி. ஏன் பொய் சொன்னீர்கள்?’ என்று வேறொருவர் மூலமாகக் கேட்டனுப்பினார். இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ரகசியம் காப்பது மட்டும்தான் பாதுகாப்பு என்று நாங்கள் அப்போது நம்பினோம். பிரிட்டனில் பியோனா கால்டிகாட் என்ற மருத்துவரின் தலைமையிலான குழு, நோயாளிகளின் தகவலைக் கையாள ஆறு விதிகளை 1997இல் வகுத்தது. தேவை இருந்தால் மட்டும் பயன்படுத்து, தேவையான அளவு மட்டும் பயன்படுத்து என்கிற வகையில் எல்லாமே கதவைச் சாத்துகிற விதிகள். 2013இல் அவர் தலைமையிலேயே ஏழாவது விதி ஒன்று சேர்ந்தது: தகவலைக் காக்கும் கடமை எவ்வளவு முக்கியமோ, பகிர வேண்டிய இடத்தில் பகிரும் கடமையும் அவ்வளவு முக்கியமாகலாம். மருத்துவமனையில் காயக் குறிப்பு ஒன்று, காவல் நிலையத்தில் பக்கத்து வீட்டாரின் புகார் ஒன்று, நலத்துறையில் ‘மெலிந்துவிட்டார்’ என்று ஒரு வரி. மூன்றும் மூன்று அலமாரியில் கிடந்தால் மூன்றுக்கும் அர்த்தமில்லை.

அதற்காக உங்கள் பணியாளர் உங்கள் கதையை ஊருக்கெல்லாம் சொல்லலாம் என்றாகாது. அடுத்த முறை அவரிடம் இப்படிக் கேளுங்கள்: எந்த மாதிரி விஷயம் என்றால் வெளியே சொல்வீர்கள், யாரிடம், எனக்கு முன்கூட்டியே தெரிவிப்பீர்களா? உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால், அதைத் தடுக்கக் கூடியவரிடம், தேவையான அளவுக்கு மட்டும், முடிந்தவரை உங்களிடம் சொல்லிவிட்டு என்று அவர் பதில் சொன்னால், நம்பிப் பேசலாம். மழுப்பினால் வேறு பணியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: உதவித்தொகைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில், ‘என் தகவல்களைத் தேவைப்படும் துறைகளுடன் பகிர முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறேன்’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடாவிட்டால் பணம் கிடையாதாம். போடலாமா?

பதில்: கழுத்தில் கை வைத்துவிட்டு முழு மனதா என்று கேட்கிறார்கள்! ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு விதிமுறை, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருப்பது, இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. ஒப்புதல் என்றால் மறுக்கவும் வழி இருக்க வேண்டும். அரசு அலுவலகமும் அதை நம்பி நிற்கும் ஆளும் சமமானவர்கள் அல்லர் என்பதால், அங்கே வாங்கும் ஒப்புதல் பெரும்பாலும் செல்லாது என்பதே அதன் கருத்து. அலுவலகம் சட்டம் கொடுத்த கடமையை ஆதாரமாகக் காட்டித் தகவலைக் கேட்கலாம். அது நேர்மையான வழி. ‘இந்த விவரம் இல்லாமல் உங்கள் தகுதியை முடிவு செய்ய முடியாது, இன்னின்ன துறைக்கு அனுப்புவோம்’ என்று எழுதினால் போதும். முழு மனதை இழுக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு என் யோசனை: பணம் தேவையென்றால் கையெழுத்துப் போடுங்கள். பட்டினி கிடந்து கொள்கையைக் காப்பாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘தேவைப்படும் துறைகள்’ என்ற இடத்துக்குப் பக்கத்தில், ‘எவை என்று எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று உங்கள் கையால் எழுதி, அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னைப் பற்றி நலத்துறை வைத்திருக்கும் கோப்பை நான் பார்க்க முடியுமா? பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிறார் என் கணவர்.

பதில்: கட்டாயம் பாருங்கள். பல நாடுகளில் இது சட்டப்படியான உரிமை. மேலே சொன்ன ஐரோப்பிய விதிமுறையில் கேட்ட ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். முதல் நகலுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களைப் பற்றிய வரிகளைக் கறுப்படித்துத் தருவார்கள், அதற்குக் கோபப்பட வேண்டாம்.

என்ன ஆகப்போகிறது என்று கேட்ட உங்கள் கணவருக்கு ஒரு கதை. ஒருநாள் சாயங்காலம், களைப்பில், ஒரு பெண்மணியின் கோப்பில் நான் ‘ஒத்துழைப்பு தருவதில்லை’ என்று எழுதினேன். இரண்டு முறை போயும் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். எழுதிவிட்டு மறந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துக் கோப்பு அறைக்கு வந்த பிறகு அதே கோப்பு கைக்கு வந்தது. என் சொற்கள் ஏழு படிவங்களில் இருந்தன. ஒவ்வொரு அலுவலரும் முந்தையதைப் பார்த்து அப்படியே எடுத்து எழுதியிருக்கிறார்கள். கதவு திறக்காத சங்கதி எங்கேயும் இல்லை. ‘ஒத்துழைப்பு தருவதில்லை’ என்பது மட்டும், இரத்த வகையைப் போல, அவருடைய குணமாகவே ஆகிவிட்டிருந்தது. வீட்டு உதவிக்கான பட்டியலில் அவரை இரண்டு தடவை பின்னுக்குத் தள்ளியதற்கும் அதுவே காரணமாக எழுதப்பட்டிருந்தது.

கோப்பை முதலிலிருந்து புரட்டினேன். இரண்டாம் பக்கத்தில், நான் வேலைக்கு வருவதற்கும் முந்தைய கையெழுத்தில், ஒரு வரி: ‘இரு காதுகளும் கேட்காது.’ நான் இரண்டு முறையும் அழைப்பு மணியைத்தான் அடித்திருந்தேன்.

பழைய வரியை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை, அழிக்கவும் கூடாது. அதன் கீழே தேதி போட்டு, என் பெயர் எழுதி, நடந்தது இதுதான் என்று ஒரு குறிப்புச் சேர்த்தேன். நீங்களும் அதைத்தான் கேட்க வேண்டும். பிறந்த தேதி, மருந்தின் பெயர் போன்றவை பிழையென்றால் திருத்தித்தான் ஆக வேண்டும். அலுவலரின் கருத்து என்றால் நீக்க மறுப்பார்கள். அப்போது உங்கள் தரப்பை எழுதி, அந்தக் கருத்துக்குப் பக்கத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். கோப்பைப் புரட்டும்போது பெயர்ச்சொற்களைவிட ‘பிடிவாதமானவர்’, ‘மிகைப்படுத்துகிறார்’ போன்ற சொற்களைத் தேடுங்கள். உங்கள் வாழ்க்கையில் விளையாடுபவை அவைதான்.

கேள்வி: நான் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர். பயனாளிகளின் அடையாள அட்டை, காயங்களின் படம் ஆகியவற்றை எங்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவோம். வேகமாக வேலை முடிகிறது. தவறா?

பதில்: தவறு. இன்றே நிறுத்துங்கள். அந்தக் குழுவில் வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தொலைபேசியில் அந்தக் காயத்தின் படம், உங்கள் பிள்ளையின் பிறந்தநாள் படத்துக்கு அடுத்ததாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தகவல் திருட்டு என்றதும் எல்லோரும் இருட்டறைக் கணினித் திருடர்களை நினைக்கிறார்கள். அவர்களும் உண்டு. பின்லாந்தில் ஓர் உளச்சிகிச்சை நிறுவனத்தின் குறிப்புகளைத் திருடியவர், 2020இல் நோயாளிகளுக்கே தனித்தனியாக எழுதிப் பணம் கேட்டு மிரட்டினார். ஆனால் பிரிட்டனில் 2007இல் சுமார் 2.5 கோடிப் பேரின் விவரங்கள் போனது எப்படித் தெரியுமா? குழந்தைகள் உதவித்தொகைப் பதிவுகளை இரண்டு குறுந்தகடுகளில் பதிந்து, அலுவலகத் தபாலில் அனுப்பினார்கள். போய்ச் சேரவில்லை. அங்கேயும் யாரோ வேகமாக வேலையை முடிக்கத்தான் பார்த்திருப்பார்கள்.

கேள்வி: உதவி மையத்தில் கூட்டத்துக்கு நடுவே என் பெயரையும் நோயையும் சத்தமாக வாசிக்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள். ‘தனியாகப் பேச வேண்டும்’ என்று ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெரியவர் அப்படித்தான் செய்தார். சீட்டை வாங்கிய எழுத்தர் அதையும் சத்தமாக வாசித்தார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறுவாரமே உள்ளே இருந்த சாமான் அறையைக் காலி செய்து, இரண்டு நாற்காலி போட்டோம்.