“இதுக்கு எத்தனை பாயிண்ட், மிஸ்?”

அன்புள்ள ஐயா,

உயர்நிலைப் பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர். வீட்டுப்பாடம் கொண்டுவருபவர்கள் குறைந்துகொண்டே போனதால் இந்த ஆண்டு ஒரு பாயிண்ட் முறையைத் தொடங்கினேன். வீட்டுப்பாடம் முடித்தாலும் வகுப்பில் அமைதியாக இருந்தாலும் பாயிண்ட். வகுப்பை வரிசைகளாகப் பிரித்து, வரிசையில் ஒருவர் தவறினாலும் அந்த வரிசைக்கே கழிவு என்றேன். மாதக் கடைசியில் முதலில் வரும் வரிசைக்குப் பரிசு.

முதல் மாதம் என்னாலேயே நம்ப முடியவில்லை, அவ்வளவு நன்றாக நடந்தது. இது மூன்றாவது மாதம். முதல் பீரியடுக்கு முன்பே ஒரே நோட்டு நாலு கை மாறுகிறது. கரும்பலகையைத் துடைக்கச் சொன்னால்கூட “இதுக்கு எத்தனை பாயிண்ட், மிஸ்?” என்று கேட்கிறார்கள். கடைசி பெஞ்ச் பையன் ஒருவனைக் கண்டித்தால் வகுப்பே சிரிக்கிறது, அவன் இன்னும் துள்ளுகிறான். ஒரு மாணவி வீட்டுப்பாடம் செய்வதே இல்லை. அவளால்தான் பாயிண்ட் போகிறது என்று வரிசையில் உள்ளவர்கள் திட்டுகிறார்கள். நான்கு நாளாக அவள் பள்ளிக்கு வரவில்லை. நான் செய்தது தவறா? இதற்கு மேல் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டு முறையும் அந்த ‘நான்கு நாள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வரிசைக் கணக்கை நாளைக்கே நிறுத்துங்கள். இந்த மாதத்துப் பரிசை எல்லா வரிசைக்கும் கொடுத்துவிட்டு, “இந்த முறை இத்தோடு முடிகிறது, இதில் யார் மேலும் குற்றமில்லை” என்று வகுப்பில் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் சேர்த்து வைத்ததைப் பறிக்காதீர்கள். கொடுத்த வாக்கை ஆசிரியர் காப்பாற்றினாரா என்பதை அந்த வயதுப் பிள்ளைகள் வருஷக் கணக்கில் நினைவில் வைத்திருப்பார்கள்.

வகுப்பை அணிகளாகப் பிரிப்பது நீங்கள் மட்டும் யோசித்த வழி இல்லை. 1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் இதை ஒரு விளையாட்டாகச் செய்து பார்த்தார்கள். பேச்சும் இடம்விட்டு எழுந்து போவதும் பெருமளவு குறைந்தன. ஆனால் அங்கே இரண்டு அணிகளுமே வெல்லலாம். தவறுகள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டாமல் இருந்தால் போதும். இன்னொரு அணி தோற்றால்தான் நமக்குப் பரிசு என்ற நிலை இல்லை. உங்கள் முறையில் ஒரு வரிசைதான் வெல்ல முடியும், அதனால் பின்தங்கிய பிள்ளை அந்த வரிசைக்கே எதிரியாகிவிடுகிறாள். ஒன்பது வயதில் அதைச் சாயங்காலமே மறந்துவிடுவார்கள். பதினான்கு வயதில் மறப்பதில்லை.

பாயிண்டும் பரிசும் கொடுத்ததே தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். 1973-இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு பலருக்கும் தெரிந்திருக்கும். தானாகவே ஆசையோடு படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், “வரைந்தால் சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவுமில்லை. சில நாள் கழித்து, விருப்பப்பட்டால் வரையலாம் என்று விட்டபோது, முன்கூட்டி வாக்குப் பெற்றவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘பரிசு என்றாலே நஞ்சு’ என்று பேசுபவர்கள் உண்டு. அது மிகை. அந்தக் குழந்தைகளிடம் ஆசை முன்பே இருந்தது. கணக்கு வீட்டுப்பாடத்தின் மேல் அப்படி ஆசை கொண்டு அலைபவர்கள் உங்கள் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? இல்லாத ஆசையைப் பரிசு எப்படிக் கெடுக்கும்?

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளாதார அறிஞர் நியூயார்க், சிகாகோ, டல்லஸ் நகரங்களில் 200-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர்களுக்குப் பணமே கொடுத்துப் பார்த்தார். முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. மதிப்பெண்ணுக்குப் பணம் என்று சொன்ன இடங்களில் தேர்ச்சி உயரவில்லை. பிள்ளைகளுக்குப் பணத்தின் மேல் ஆர்வம் இருந்தது. அடுத்த தேர்வில் இன்னும் அதிகம் பெற என்ன செய்வாய் என்று கேட்டபோது, கேள்வியைக் கவனமாக வாசிப்பேன், எழுதிய விடையைச் சரிபார்ப்பேன் என்ற மாதிரி பதில்களைச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தை வாசிப்பேன், வீட்டுப்பாடம் செய்வேன், புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆசை இருந்தும் வழி தெரியவில்லை. ஒரே நோட்டு நாலு கை மாறுவதை நான் இப்படித்தான் பார்க்கிறேன். ‘நோட்டில் விடை இருக்க வேண்டும்’ என்று நாம் கேட்டோம், அவர்கள் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

எழுத வருவதற்கு முன் நானும் சில ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் வாரத்தில் பாதி நாள் வெறும் நோட்டோடு வருவான். நானும் அவனை வெளியே நிறுத்துவேன். ஒருநாள் வெளியே அனுப்பாமல் என் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, “இங்கேயே போடு” என்றேன். தேதி எழுதினான். ஓரக்கோடு போட்டான். வினாவை அழகாகப் பார்த்து எழுதினான். அதற்குப் பிறகு பேனா நகரவில்லை. கால் மணி நேரம் அப்படியே இருந்தான். திமிர் என்றுதான் நினைத்தேன். எரிச்சலோடு, “வினாவை வாய்விட்டு வாசி” என்றேன். வாசித்துக்கொண்டே வந்தவன் ‘நிறுவுக’ என்ற சொல்லில் குரல் தாழ்ந்து நின்றான். “நிறுவுகன்னா என்ன சார் செய்யணும்?” என்று கேட்டான்.

‘காண்க’ என்று முடிகிற கணக்கெல்லாம் அவன் போட்டுவிடுவான். கடைசியில் ஓர் எண் வரும், கீழே இரண்டு கோடு போடலாம். ‘நிறுவுக’ என்றால் விடை வினாவிலேயே இருக்கிறது. இருப்பதை எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவனுக்குப் புரியவே இல்லை. நண்பர்களிடம் கேட்க வெட்கம். என்னிடம் கேட்கப் பயம். தெரியாத ஒரு சொல்லுக்காகப் பல மாதம் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். பீரியடின் கடைசி ஏழெட்டு நிமிடத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுப்பாடத்தின் முதல் கணக்கை அங்கேயே தொடங்கச் சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடங்கள். யாருடைய பேனா நிற்கிறது என்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்துவிடும். அங்கே குனிந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாதி எழுதிய கணக்கை வீட்டுக்குக் கொண்டுபோகும் பிள்ளைக்கும் வெறும் பக்கத்தோடு போகும் பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மணி அடிக்கும் முன் பக்கத்தின் மேலே “இன்று எப்போது, எங்கே உட்கார்ந்து செய்வேன்” என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்தப் பழக்கத்தைப் பல காலமாக ஆராய்ந்தவர். ‘செய்வேன்’ என்று முடிவெடுத்தவர்களைவிட, நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வுகளில் தொடர்ந்து தெரிகிறது.

அடுத்தது, கொடுக்கும் அளவு. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க உளவியலாளர் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 1989-இலும் 2006-இலும் வெளியிட்டார். சிறு வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மெலிது, ஏழாம் வகுப்புக்கு மேல் அது வலுவாகத் தெரிகிறது என்கிறார். அவர் ஆதரிக்கும் அளவு, எத்தனையாவது வகுப்போ அத்தனை பத்து நிமிடம். ஒன்பதாம் வகுப்புக்கு நாள் ஒன்றுக்கு எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து 90 நிமிடம். ஆறு பாடம் என்றால் உங்கள் பங்கு கால் மணி நேரம்தான்! ஸ்டாஃப் ரூமில் மற்ற ஆசிரியர்களிடம் நேற்று யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒருமுறை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். பதின்வயதினர் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அந்த வயதில் உடம்புக்கே தூக்கம் தாமதமாகத்தான் வருகிறது. நாம் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு கணக்கும் அந்தத் தூக்கத்திலிருந்துதான் போகிறது.

கணக்கைக் குறைத்தால் உங்களுக்கும் வாசிக்க நேரம் கிடைக்கும். 200 நோட்டு, நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் ஆறரை மணி நேரத்துக்கு மேல். எந்த மனிதராலும் முடியாது. அதனால்தான் கடைசியில் டிக் போட்டுக் கையெழுத்து வைக்கிறோம். வாசிக்கப்படாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் பார்த்து எழுதத் தொடங்குகிறார்கள். நாளுக்குப் பிரிவுக்கு எட்டு நோட்டு மட்டும் எடுங்கள். மொத்தம் 40 நோட்டு, ஒரு மணி இருபது நிமிடம். ஐந்து வேலை நாளில் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டும் ஒருமுறை உண்மையாக வாசிக்கப்பட்டிருக்கும். ‘குட்’ என்று எழுதாதீர்கள். “மூன்றாவது வரி வரை சரி, அங்கே குறி மாறிவிட்டது, ஏன் என்று பார்” என்று எழுதுங்கள். மறுநாள் வகுப்பை, பெயர் சொல்லாமல், அந்த நோட்டுகளில் கண்ட ஒரு நல்ல தவறிலிருந்து தொடங்குங்கள். தான் எழுதியது மறுநாள் பாடமாகிறது என்று தெரிந்தால் பிள்ளைகள் எழுதுவார்கள். நீங்கள் கொடுத்த எந்தப் பரிசுக்கும் இந்த வலிமை இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசி பெஞ்ச் பையனைப் பற்றி. 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் வண்டி ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்து மூன்று வெவ்வேறு வயதுப் பிரிவினரைச் சோதித்தார்கள். 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பார்க்கும்போது மிக அதிகமாகத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. வகுப்பின் நடுவே நீங்கள் குரலை உயர்த்தும் அந்த நொடியில் அவனுக்கு 39 பேர் பார்வையாளர்கள். அவன் பணிந்தால் அவர்கள் முன்னால் தோற்றவன் ஆகிறான். அதனால் கண்டிக்க வேண்டியதை அவன் பெஞ்சருகே போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுங்கள். மீதியை வகுப்பு முடிந்தபின் தனியாகப் பேசுங்கள். அவன் ஒழுங்காக இருந்த நாளிலும் கூப்பிட்டுப் பேசுங்கள். அழைப்பு வந்தாலே திட்டுத்தான் என்று அவன் பழகியிருப்பான்.

அந்த மாணவி வராத நாட்களில் நீங்களே அவள் வீட்டுக்குப் பேசுங்கள், வேறு யாரையும் சொல்லி அனுப்ப வேண்டாம். “நீ வரவில்லை என்று தேடினேன்” என்பதற்கு மேல் அன்று எதுவும் வேண்டாம். அவள் வந்தபின் நோட்டைக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, அன்றைய முதல் கணக்கை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சொல்லில் அவள் குரல் தாழ்கிறது என்று கேளுங்கள். அது எந்தச் சொல் என்று எனக்கு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.