சென்டாஸ் 7-இலிருந்து எங்கே போவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் எட்டு சர்வர்களும் இன்னும் சென்டாஸ் 7 என்ற லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஒன்றில் வெளியே வாங்கிய கணக்கு மென்பொருள், மற்றவற்றில் வெப்சைட்டும் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும். உபுண்டு, டெபியன், ராக்கி, அல்மா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சென்டாஸ் 7-க்கு அப்டேட் 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. அதன்பின் தெரியவந்த ஓட்டை எதுவும் உங்கள் சர்வர்களில் அடைபட்டிருக்காது. ஆகவே தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காமல், வெப்சைட் ஓடும் சர்வரை மாற்றும் வேலையை இப்போதே தொடங்குங்கள்.

எது நல்ல லினக்ஸ் என்று நண்பர்களிடம் கேட்பதைவிட, கணக்கு மென்பொருள் விற்ற நிறுவனத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எந்த லினக்ஸில், எந்தப் பதிப்பில் ஓடினால் சப்போர்ட் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் தேர்வில் பாதி அங்கேயே முடிந்துவிடும். ரெட் ஹேட் 9 என்று சொன்னால், அதோடு ஒத்துப்போகும்படி உருவான இலவச லினக்ஸ்களான ராக்கி, அல்மாவையும் ஏற்பார்களா என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டின் 9-ஆம் பதிப்புக்கும் 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

அவர்கள் எதையும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் நான் சொல்வது அல்மா 9தான், எட்டுக்கும். உபுண்டுவும் டெபியனும் தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் உங்கள் ஆட்களுக்குக் கைவந்தது சென்டாஸிலும் அல்மாவிலும் ஒன்றாக இருக்கும் ஆர்பிஎம் பேக்கேஜும் (மென்பொருளை நிறுவும் வடிவம்) எஸ்இலினக்ஸும் (பாதுகாப்புக் கட்டுப்பாடு). நள்ளிரவில் சர்வர் படுத்துவிட்டால் அந்தப் பழக்கம்தான் காப்பாற்றும். டெபியனில் எல்டிஎஸ் என்ற நீட்டிப்புக் காலத்தையும் சேர்த்தே பாதுகாப்புத் திருத்தங்கள் ஐந்து ஆண்டுகள். உபுண்டு எல்டிஎஸ்ஸின் (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) ஐந்து ஆண்டு உத்தரவாதம் 'மெயின்' என்ற பேக்கேஜ் களஞ்சியத்துக்கு மட்டும். 'யூனிவர்ஸ்' பேக்கேஜ்களுக்கு அதே உத்தரவாதம் வேண்டுமென்றால் உபுண்டு ப்ரோ சந்தா தேவை. பலர் இதைக் கவனிப்பதில்லை. பெயரைப் பார்த்து சென்டாஸ் ஸ்ட்ரீமுக்கும் போய்விடாதீர்கள். அது ரெட் ஹேட்டுக்கு முன்னோடியாக வருவது, ஆயுளும் குறைவு.

எனக்கு உண்மையில் கவலை தருவது உங்கள் போஸ்ட்கிரஸ். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, சென்டாஸ் 7-இல் 2.17; அல்மா 9-இல் 2.28-க்கும் பிந்தியது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி 2.28-இல் பெரிதாக மாறியது. பழைய விதிப்படி 11 முன்னே, 1-1 பின்னே. புதியதில் 1-1தான் முன்னே. டெக்ஸ்ட் இண்டெக்ஸ்கள் (டேட்டாபேஸ் வேகமாகத் தேட வைத்திருக்கும் அட்டவணைகள்) இந்த விதிப்படிதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. டேட்டா டைரக்டரியை அப்படியே காப்பி செய்தால் டேட்டாபேஸ் முனகாமல் ஸ்டார்ட் ஆகும். பிறகு, இருக்கிற வாடிக்கையாளரைத் தேடினால் இல்லை என்னும்; ஒரே இன்வாய்ஸ் எண் இரண்டு முறை ஏறும். ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் (டேட்டாபேஸைப் புதிய சர்வருக்கு அப்படியே தொடர்ந்து நகலெடுப்பது) வழியாக மாற்றினாலும் இதே கதிதான். டேட்டாவை டம்ப் கோப்பாக ஏற்றுமதி செய்து புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யுங்கள், இண்டெக்ஸ்கள் புதிதாக உருவாகிவிடும். டேட்டாபேஸின் கொலேஷன் (அதாவது வரிசைப்படுத்தும் விதி) 'சி' என்றிருந்தால் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. நீங்கள் உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ போனாலும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

சர்வரை இருந்த இடத்திலேயே அப்கிரேட் செய்ய அல்மாவின் எலிவேட் கருவி இருக்கிறது. ஆனால் 7-இலிருந்து நேராக 9-க்குத் தாவ முடியாது, 8 வழியாகத்தான் போக வேண்டும். புதிதாக நிறுவி டேட்டாவை மாற்றுவதே நிம்மதி. கணக்கு மென்பொருள் புதிய சர்வரில் ஒரு மாத முடிவுக் கணக்கை முடிக்கும்வரை பழைய சர்வரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள், அழித்துவிடாதீர்கள்.