பிக்கப்பில் தனி ஸ்விட்ச் பேனல்: ஹெட்லைட் வயரிலேயே கரண்ட் எடுக்கலாமா?

பொலேரோ பிக்கப்பில் ஃபாக் லைட்டுக்கும் பின்பக்க வொர்க் லைட்டுக்கும் ஸ்விட்ச் பேனல் போடணும், ஹெட்லைட் வயரில் ஒட்டுப் போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு எரிந்தாலே 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதை டாஷ்போர்டு வரை கொண்டுவந்து சின்ன ஸ்விட்ச் வழியாக விட்டால் ஸ்விட்ச் சூடாகி உருகிவிடும். ரிலே கட்டாயம், ஒவ்வொரு லைட் செட்டுக்கும் தனித்தனியாக; பேனல் ஸ்விட்ச்சின் சின்ன கரண்ட்டில் இயங்கி, லைட்டின் பெரிய கரண்ட்டைத் தானே இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச் அது.

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயில் 30 என்று எண் போட்ட முனை. 87 லைட்டுக்கு, 85 எர்த்துக்கு (அதாவது வண்டியின் பாடிக்கு), 86 பேனல் ஸ்விட்ச்சிலிருந்து. சிலர் ஃபியூஸைக் கேபினுக்குள் பேனல் பக்கத்தில் வைப்பார்கள், பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும், ஆனால் நடுவழியில் வயர் உரசி பாடியில் பட்டால் ஃபியூஸ் சும்மா இருக்கும், வயர்தான் எரியும். கேபினுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் கிராமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடச் சொல்வதும் அதனால்தான்.

ஸ்விட்ச்சுக்கான சப்ளையை, சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் லைனில் எடுங்கள், இல்லையென்றால் ராத்திரி அணைக்க மறந்த லைட்டுக்காகக் காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். அப்புறம், எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள். லைட் மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது அங்கேதான்.