மெயில் சர்வரில் உள்வரும் இணைப்பு மெதுவா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, எங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில் வெளியிலிருந்து யார் இணைந்தாலும் பத்து நொடி ஒன்றுமே வருவதில்லை, அப்புறம் எல்லாம் வேகமாகப் போகிறது. ரேம் கூட்டலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். வேறொரு கணினியிலிருந்து 25ஆம் போர்ட்டுக்கு டெல்நெட் போட்டுப் பாருங்கள். இணைப்பு உடனே கிடைத்து, 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி மட்டும் தாமதமாக வந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை, சர்வர்தான் எதற்கோ காத்திருக்கிறது. பெரும்பாலும் அது டிஎன்எஸ், அதாவது பெயருக்கும் ஐபிக்கும் முடிச்சுப் போடும் சேவை. போஸ்ட்ஃபிக்ஸ் 220 சொல்வதற்கு முன்பே, வந்தவரின் ஐபிக்கு என்ன பெயர் என்று தேடும், அந்தப் பெயர் திரும்ப அதே ஐபிக்கு வருகிறதா என்றும் பார்க்கும், எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதலில் இருக்கும் நேம்சர்வர் செத்துக் கிடந்தால் லினக்ஸ் ஒவ்வொரு தேடலுக்கும் 5 நொடி காத்திருந்துதான் அடுத்த நேம்சர்வரிடம் போகும். இரண்டு தேடல், பத்து நொடி, கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். செத்த நேம்சர்வரின் வரியைத் தூக்கிவிட்டு, முடிந்தால் அதே சர்வரில் அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு என்றால் போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவுக்குள்ளும் இந்தக் கோப்புக்கு ஒரு நகல் இருக்கலாம். அது பழையதாகவே இருந்தால் நீங்கள் செய்த மாற்றம் எடுபடாது, போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு டிஎன்எஸ் சரியாக இருக்கிறது. ஆனால் புது ஐபி வந்தால் மட்டும் 6 நொடி ஆகிறது.

பதில்: அது போஸ்ட்ஃபிக்ஸின் வாசல் காவலாளியான போஸ்ட்ஸ்கிரீன், வேண்டுமென்றே காக்க வைக்கிறது. ஸ்பேம் அனுப்பும் பாட்கள் பொறுமையில்லாமல் முந்திப் பேசி மாட்டிக்கொள்ளும். தேறிய ஐபியை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: 220 உடனே வருகிறது, பெறுநர் முகவரி கொடுத்த பிறகுதான் தொங்குகிறது.

பதில்: பிளாக்லிஸ்ட் வரிசையை, அதாவது ஸ்பேம் அனுப்பும் ஐபிகள் என்று சர்வர் டிஎன்எஸ் மூலம் கேட்டுப் பார்க்கும் பட்டியல்களைப் பாருங்கள். எப்போதோ யாரோ சேர்த்துவிட்டுப் போன பட்டியல் இன்று உயிரோடு இருக்கிறதா? செத்திருந்தால் அதன் பதிலுக்குக் காத்திருந்துதான் தொங்கும். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006இல் மூடப்பட்டது, 2008இல் கேட்ட ஐபி எல்லாமே ஸ்பேம்தான் என்று பதில் தர ஆரம்பித்து நல்ல மெயிலும் திரும்பிப் போனது. ஆகவே தாமதம் மட்டும்தானே என்று விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய சென்ட்மெயில் சர்வர் சார், சில இடங்களிலிருந்து வந்தால் மட்டும் 5 நொடி.

பதில்: ஐடென்ட், அதாவது இணைந்தது எந்தப் பயனர் என்று வந்த கணினியிடமே திருப்பிக் கேட்கும் பழைய முறை. உங்கள் சர்வர் திருப்பி அவர்களுடைய 113ஆம் போர்ட்டைத் தட்டுகிறது, அவர்கள் ஃபயர்வால் பதில் சொல்லாமல் விழுங்கிவிடுகிறது. ஐடென்ட் காத்திருப்பை 0 ஆக்கிவிடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை.

கேள்வி: பகலில் மட்டும் மெதுவாகிறது. போஸ்ட்ஃபிக்ஸின் ப்ராசஸ் வரம்பு 100, அதை 500 ஆக்கட்டுமா?

பதில்: அந்த 100 பேரும் எதில் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் லாக்கில் பாருங்கள். ஒவ்வொருவரும் டிஎன்எஸ்ஸுக்காகப் பத்து நொடி உட்கார்ந்திருந்தால், வரம்பைக் கூட்டினாலும் 500 பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.