பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்க்ரேம்ப்ளர் கீழ் வேகத்தில் திக்குகிறது, டியூனிங்கை எங்கிருந்து தொடங்குவது?

கேட்ட தம்பியின் நிலைமை இது. செகண்ட் ஹேண்டில் யமஹா ஒய்இசட்250 ஸ்க்ரேம்ப்ளர், அதாவது மண் பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள், ஒன்று வாங்கியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் மர வரிசைக்குள் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் போனால் திக்குகிறது. சைலன்சர் மூட்டில் கறுப்பாக எண்ணெய் ஒழுகுகிறது. செம்மண் சாலைக்கு வந்து முழுசாக முறுக்கினால் பறக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் மெயின் ஜெட்டை, அதாவது கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பெரிய துளைத் திருகை, சின்னதாக மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி, மெயின் ஜெட்டில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். உங்கள் வண்டியில் நன்றாக இருக்கும் ஒரே பகுதி அதுதான்.

நான் மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். என்னிடம் இருப்பதும் அதே ஒய்இசட்250தான், 2008 மாடல். நீங்கள் சொல்லும் அத்தனையும் நானும் பார்த்தேன். எனக்கும் இதே ஆலோசனைதான் கிடைத்தது. நம் ஊரில் டூ ஸ்ட்ரோக் என்றாலே யமஹா 125இசட்தான். அந்த வண்டிக்காரர்கள் கேட்டு வருவது பெரும்பாலும் மேல் வேகம், அதனால் மெயின் ஜெட்தான் முதலில் பேச்சில் வரும். தார் ரோட்டில் அது சரி. தோட்டத்துக்குள் நாம் முழு த்ராட்டில் பிடிப்பது எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு நிமிடம்கூட இருக்காது. செம்பனை மரங்கள் ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் நிற்கின்றன, நடுவில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை வெட்டிய மட்டையை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் த்ராட்டில் கால் பங்கைத் தாண்டுவதே அபூர்வம்.

கார்ப்பரேட்டரில் எது எப்போது வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். த்ராட்டில் மூடியிருக்கும்போதும் கால் பங்கு திறக்கும் வரையிலும் பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட்டும், அதற்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஏர் ஸ்க்ரூவும். கால் பங்கில் இருந்து முக்கால் வரை, த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று கொஞ்சம் நுழையும், ஆனாலும் கணக்கு இதுதான். கீழே திக்கி மேலே பறக்கும் வண்டிக்கு நோய் எங்கே என்று இதிலேயே தெரிகிறது.

ஆனால் ஜெட்டுக்குப் போகும் முன்னால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இதை நான் பார்க்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை ஒரு பிஸ்டன்.

வாங்கிய புதிதில் பைலட் 50, மெயின் 178 இருந்தது (எண் பெரிதானால் துளையும் பெரிது). ஒர்க்‌ஷாப்பில் சொன்னபடி மெயினை 170 ஆக்கினேன். கீழே திக்கல் அப்படியே இருந்தது. அப்புறம் நானாகவே பைலட்டை 50இல் இருந்து 42க்கு இறக்கினேன். வண்டி உடனே சுறுசுறுப்பாகிவிட்டது. ஒரே ஒரு மாற்றம்: த்ராட்டிலை மூடினாலும் சத்தம் உடனே இறங்காமல் சில விநாடி மேலேயே நின்று மெதுவாகத்தான் இறங்கியது. என்ஜின் லேசாகச் சுற்றுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சாலையில் மூன்றாவது, நான்காவது கியரில் இழுத்துவிட்டு, பழைய புகைவீட்டுப் பக்கம் சரிவில் த்ராட்டிலை மூடி இறங்கும்போது பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. விரல் கிளட்ச் மேல் இருந்ததால் அழுத்தி, உருட்டி நிறுத்த முடிந்தது. பிஸ்டனில் எக்ஸோஸ் பக்கம் முழுக்கக் கீறல்.

கழற்றிப் பார்த்தால் இடது பக்க கிராங்க் சீல், அதாவது கிராங்க் தண்டின் ஓரத்தைக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாக என்ஜின் திருட்டுத்தனமாகக் காற்று இழுத்துக்கொண்டிருந்தது. முன்பிருந்த பெரிய பைலட் அந்த ஓட்டையை மறைத்து வைத்திருந்தது, நான் பைலட்டைச் சின்னதாக்கியதும் பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிடித்துக்கொண்டது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு சேர்ந்துதான் எண்ணெயும் உள்ளே வருகிறது. பெட்ரோல் குறைந்தால் மசகும் குறைகிறது. த்ராட்டிலை மூடிக்கொண்டு நீண்ட சரிவில் இறங்குவது அதனால்தான் ஆபத்து. இப்போது சரிவுகளில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு முறை லேசாக முறுக்கிவிடுகிறேன்.

அதனால் முதல் வேலை காற்றுக் கசிவு பார்ப்பது. எக்ஸோஸ் வாயையும் கார்ப்பரேட்டர் ரப்பரையும் அடைத்துவிட்டு உள்ளே 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தனிக் கருவி வாங்கத் தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பந்தும் மீட்டரும் போதும், அதில் 300 என்பது கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. முள் இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவித் தேடுங்கள். இடது சீல் போனால் காற்று இழுக்கும். வலது சீல் போனால் கியர் எண்ணெயை இழுக்கும்: வெள்ளைப் புகை நிற்காது, கியர் எண்ணெய் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது, ரீட் வால்வ். கார்ப்பரேட்டர் கலவையை உள்ளே மட்டும் விட்டு, திரும்ப விடாமல் தடுக்கும் மெல்லிய இதழ்கள் அவை. இதழ் நுனி உடைந்திருந்தாலோ வெளிச்சம் தெரிகிற அளவுக்குத் தூக்கியிருந்தாலோ கீழ் வேகத்தில் இழுக்காது, கிக்கரும் பல தடவை அடிக்க வேண்டிவரும். மூன்றாவது, பவர் வால்வ். எக்ஸோஸ் துளையின் உயரத்தைக் கீழ் வேகத்தில் குறைத்தும் மேல் வேகத்தில் திறந்தும் விடுவது அது. கரி ஏறித் திறந்த நிலையில் ஒட்டிக்கொண்டால் உங்கள் வண்டி மாதிரியேதான் இருக்கும்: கீழே உயிரே இல்லை, மேலே ராஜா. கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தால் போதும். நான்காவது ஏர் ஃபில்டர். செம்மண் தூசிக்கு ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒரு நாளில் அடைந்துவிடும், அடைந்தாலும் வண்டி மூச்சுத் திணறி ஒழுகத்தான் செய்யும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டுப்பசை விட்டுப்போகும். சோப்பில் கழுவிக் காயவைத்து, ஃபில்டருக்கென்று விற்கும் பிசுபிசுப்பான எண்ணெயைப் பிசைந்து போடுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் ஒன்று. கறுப்பாக ஒழுகுகிறது என்றவுடன் பெட்ரோலில் கலக்கும் டூடி எண்ணெயைக் குறைக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஒழுகுவது எரியாமல் போன கலவை, காரணம் பெட்ரோல் அதிகம் அல்லது என்ஜின் சூடாகாமல் ஓடுவது. நான் 30க்கு 1 போடுகிறேன், 5 லிட்டர் பெட்ரோலுக்கு 167 மில்லி. எண்ணெய்க் கலவையை மாற்றினால் ஜெட்டிங்கும் மாறும். எண்ணெய் கூடினால் அதே ஜெட் துளை வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. ஆகவே ஒரு அளவைப் பிடித்துக்கொண்டு, டியூனிங் முடியும் வரை அதை மாற்றாதீர்கள்.

இவையெல்லாம் சரி என்றால் ஓட்டிப் பார்க்கும் கட்டம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான், அவசரப்படக் கூடாத வேலையும் இதுதான்.

ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து முறுக்கிக் காதால் டியூன் செய்வதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. சுமை இல்லாத என்ஜின் பொய் சொல்லும். அதனால் ஒரே பாதையை வைத்துக்கொண்டேன், ஒரு சுற்று சுமார் எட்டு நிமிடம். முதலில் மட்டை அடுக்காத வரிசைக்குள் முதல் கியர், இரண்டாம் கியர். பிறகு மேட்டுப் படிக்கட்டு நிலத்தில் அரை த்ராட்டில் ஏற்றம். கடைசியில் 600 மீட்டர் நேரான செம்மண் சாலை. பைலட், ஊசி, மெயின் மூன்றையும் அந்த மூன்று நிலமும் தனித்தனியாகச் சோதித்துவிடும். தோட்ட ஆபீசில் அனுமதி வாங்கித்தான் ஓட்டுகிறேன், குலை வெட்டாத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும். இந்த வண்டிக்கு ரோடு டாக்ஸ் எடுக்க முடியாது, பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. தோட்டம் வரை லோரியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

கைப்பிடியிலும் அதன் பக்கத்தில் நகராத பகுதியிலும் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். இல்லாவிட்டால் கை எங்கே இருந்தது என்று நமக்கே தெரியாது. என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். பிறகு ஒவ்வொரு கோட்டிலும் பிடித்து ஓட்டி, சத்தத்தைக் கேளுங்கள். பெட்ரோல் அதிகம் என்றால் படபடவென்று விட்டுவிட்டு அடிக்கும், முறுக்கினால் தொண்டையில் சளி கட்டியது போல் கரகரக்கும். குறைவு என்றால் காலியாக ஒரு கணம் செத்து, பிறகு சட்டென்று பிடிக்கும்.

இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால், மெதுவாக ஓடும்போது பெட்ரோல் குழாயை மூடிவிட்டு ஓட்டிக்கொண்டே இருங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்க இறங்கக் கலவை மெலியும், அதாவது பெட்ரோல் குறையும். நிற்பதற்கு முன்னால் சில விநாடிகள் வண்டி அழகாக ஓடினால், அதுவரை பெட்ரோல் அதிகமாக இருந்தது என்று அர்த்தம். வரிசைக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள், நேர்ச் சாலையில் ஒருபோதும் வேண்டாம். திக்கும்போது சோக்கை இழுத்துப் பார்ப்பது இதன் மறுபக்கம், அதில் சரியானால் பெட்ரோல் போதவில்லை.

ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். கால் கால் சுற்றாகத் திருப்பி, கீழிருந்து எங்கே சுத்தமாக எடுக்கிறது என்று பாருங்கள். இந்தக் கார்ப்பரேட்டரில் வெளியே திருப்பினால் காற்று கூடும். ஒரு சுற்றுக்கும் கீழேதான் நன்றாக இருக்கிறது என்றால் பைலட்டைப் பெரிதாக்க வேண்டும். இரண்டரையைத் தாண்டியும் போதவில்லை என்றால் சின்னதாக்க வேண்டும். பைலட் எண்ணைச் சொல்லித் தருவது இந்த ஸ்க்ரூதான். பைலட் முடிந்த பிறகு ஊசி. ஊசியின் மேல்பகுதியில் இருக்கும் கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் ஊசி கீழே இறங்கும், கலவை மெலியும். ஒரு தடவைக்கு ஒரு வெட்டுதான். மெயின் கடைசி. அதற்குப் புதுப் பிளக் ஒன்று, பிஆர்8இஜி, போட்டு மூன்றாம் கியரில் முழுசாக இழுத்து, கிளட்சைப் பிடித்த அதே நொடியில் என்ஜினை அணைத்து, உருண்டு நின்று கழற்றிப் பாருங்கள். பீங்கானின் அடியில், உள்ளே தெரியும் வளையத்தில்தான் நிறம் பார்க்க வேண்டும். நுனி நிறம் எதையும் சொல்லாது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மாற்றம் மட்டும். மணி எத்தனை, வெயிலா மேகமா என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். காலை ஏழரைக்குப் பனி விலகாத நேரத்தில் கச்சிதமாக இருந்த வண்டி, நடுப்பகலில் கரகரக்கும். சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் குறைவு. அதனால் பசியாறிவிட்டு ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கே டியூன் செய்துகொள்ளுங்கள். ஒருமுறை சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். இங்கே சரியாக ஓடியது அங்கே மூழ்கிப்போனது போல் ஆனது. உயரத்தில் காற்று மெல்லியது. மெயினை இரண்டு எண் குறைத்து, ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று திறந்த பிறகுதான் ஓட்டும்படி ஆனது.

சீல் மாற்றிய பிறகு என் வண்டி நின்ற இடம்: பைலட் 45, ஏர் ஸ்க்ரூ ஒன்றே முக்கால், கிளிப் மேலிருந்து இரண்டாவது, மெயின் 172. ஒழுகல் நின்றுவிட்டது. இதே எண்களை அப்படியே போடாதீர்கள், உங்கள் எக்ஸோஸும் ஊசியும் வேறாக இருக்கலாம். தொடங்குவதற்கு ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில விஷயம், ஜெட்டிங் இல்லை என்றாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒய்இசட் மோட்டோகிராஸ் பந்தயத்துக்குச் செய்த வண்டி, சக்தி சட்டென்று வந்து அடிக்கும். ஃப்ளைவீலில் ஒரு எடை வளையம் போட்டேன். ஈர மண்ணில் பின்சக்கரம் சுழன்று தள்ளுவது நிறையக் குறைந்தது, அணைந்து போவதும் குறைந்தது. பின் ஷாக்கை, நான் உட்கார்ந்தால் 100 மில்லிமீட்டர் இறங்கும்படி வைத்திருக்கிறேன். டயரில் 12 பிஎஸ்ஐ.

முதலில் சீலைச் சோதித்துவிட்டு, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்றில் நன்றாக இருக்கிறது என்பதையும், இப்போது உள்ளே இருக்கும் பைலட் எண்ணையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட் பக்கம் வர முடிந்தால் சொல்லுங்கள், அந்த ரத்த அழுத்த மீட்டரை எடுத்து வைக்கிறேன்.