பீஹைவில் டெபியன்: ரீபூட்டுக்குப் பின் விஎன்சியில் யூஇஎஃப்ஐ ஷெல் மட்டும் வருகிறது

பீஹைவில் (ஃப்ரீபிஎஸ்டியில் விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டும் மென்பொருள்) டெபியன் லினக்ஸை இன்ஸ்டால் செய்து ரீபூட் செய்தபின், விஎன்சி (தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் வழி) மூலம் பார்த்தால் யூஇஎஃப்ஐ (கணினியைத் துவக்கும் ஃபர்ம்வேர்) ஷெல் மட்டும் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம், டெபியன் வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும். அந்த ஷெல்லிலேயே 'எஃப்எஸ்0:' என்று அடித்து, இஎஃப்ஐ ஃபோல்டருக்குள் டெபியன் என்ற ஃபோல்டரில் உள்ள கிரப்எக்ஸ்64.இஎஃப்ஐ கோப்பை இயக்குங்கள். கிரப் (டெபியனைத் துவக்கும் பூட்லோடர்) மெனு வந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், காரணம் இதுதான்:

டெபியன் தன் பூட் பதிவை ஃபர்ம்வேரின் என்விராமில் (அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம்) எழுதுகிறது. உங்கள் பீஹைவ் கட்டளையில் பூட்ரோம் (ஃபர்ம்வேர்) கோப்பு மட்டும் இருக்கிறது, என்விராமைச் சேமித்து வைக்கும் வேரியபிள்ஸ் கோப்பு இல்லை. விஎம் அணைந்ததும் அந்தப் பதிவும் போய்விடும். பிறகு ஃபர்ம்வேர் இஎஃப்ஐ/பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ இருக்கிறதா என்று தேடும். டெபியன் வழக்கமாக அதை அங்கே வைப்பதில்லை.

நிரந்தரத் தீர்வு: டெபியனுக்குள் நுழைந்து கிரப்-இன்ஸ்டாலை 'ரிமூவபிள்' தெரிவுடன் ஒருமுறை ஓட்டுங்கள், அது பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ கோப்பை அந்த இடத்தில் வைத்துவிடும். வேரியபிள்ஸ் கோப்பு சேர்த்தும் சரிசெய்யலாம். அப்படியானால் ஒவ்வொரு விஎம்முக்கும் தனி நகல் வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், வட்டை வேறு ஹோஸ்டுக்கு (விஎம்மை ஓட்டும் கணினிக்கு) மாற்றினாலும் பூட் ஆகும்.

உங்கள் கட்டளையின் எஃப்பஃப் வரியில் (விஎன்சி திரையை அமைப்பது) 'வெயிட்' இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது வசதி. அதன்பின் விஎன்சியில் யாராவது இணையும்வரை விஎம் கிளம்பாது. அதே வரியில் உள்ள 0.0.0.0 (எல்லா முகவரிகளிலும் இணைப்பை ஏற்பது) என்பதையும் 127.0.0.1 (ஹோஸ்டுக்குள் மட்டும்) ஆக்கி, எஸ்எஸ்ஹெச் டன்னல் (குறியாக்கப்பட்ட இணைப்பு) வழியாகப் பாருங்கள். பீஹைவின் விஎன்சி போக்குவரத்துக்குக் குறியாக்கம் கிடையாது.